கட்டம்போட்ட பேண்ட்டும் கோல்ஃப் ஜோக்கும்

என் கணவர் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாகச் சிதம்பரம் வந்து சேர்ந்தது சுனாமிக்கு மறு வருஷம். அதற்கு முன் இருபது வருஷம் ஊட்டிப் பக்கம் ஒரு கோல்ஃப் கிளப்பில் இருந்தார். ஆடுகிறவராக அல்ல. ஆட வருகிறவர்கள் உடை மாற்றிக்கொள்ளும் அறைக்கு அவர் பொறுப்பு. ஷூவைத் துடைத்து வைக்க வேண்டும், லாக்கர் சாவிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மழை வந்தால் குடையோடு ஓட வேண்டும். கோல்ஃப் என்றால் என்ன என்று என் ஆபீஸில் யாராவது கேட்டால், "பெரிய புல்வெளியில சின்னப் பந்தைத் தடியால அடிச்சி, எங்கயோ இருக்கிற குழியில தள்ளணும்" என்பேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

வரும்போது இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய உடுப்பு கொண்டுவந்தார். எல்லாம் கிளப்பில் ஆடிய பெரிய மனிதர்கள் லாக்கரில் விட்டுப் போனவை. சிலர் வெளிநாடு போய்விட்டார்கள், சிலர் செத்தே போனார்கள். வீட்டுக்காரர்களைக் கேட்டால் "நீயே எடுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டார்களாம். பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம்போட்ட பேண்ட், கையில்லாத ஸ்வெட்டர், பாதி வெள்ளை பாதி பழுப்பில் ஷூ, பெல்பாட்டம், தட்டைத் தொப்பி. நாற்பது வருஷத்துக்கு முந்தைய நாகரிகம் முழுசும் எங்கள் வாடகை வீட்டுப் பரண்மேல் ஏறிக்கொண்டது. உடுப்போடு ஜோக்குகளும் வந்தன. எல்லாம் கோல்ஃப் ஜோக்குகள். சிதம்பரத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? எங்களிடம் சொன்னார்.

வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் வந்த காலத்தில் அந்த ஜோக்குகளுக்கு நானும் சிரித்தவள்தான். லீவில் வருகிற மனிதர் சொல்கிற எதற்கும் சிரிப்பு வரும். தினமும் வீட்டில் இருக்கிற மனிதருக்குச் சிரிக்க எனக்குத் தெம்பில்லை. கடலூரில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் எனக்கு வேலை. காலையில் ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். பாதி நாள் நின்றுகொண்டே போவேன். நாள் முழுக்க மனுக்கள், ஞாபகக் கடிதங்கள், "மேடம் எங்க பைல் என்னாச்சி" என்று வந்து நிற்கிற முகங்கள். சாயங்காலம் அதே ரோட்டில் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது என்னிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த நேரம் பார்த்து அவர் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

சிரிப்பதற்கு எங்கள் மகள் இருந்தாள். அவள் அப்போது தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். ஒரு நாள் அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் நின்றேன். இவர் பெல்பாட்டத்தையும் பெரிய காலர் வைத்த சட்டை ஒன்றையும் மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார்.

"எப்படி இருக்குது பாப்பா?"

"கீழ ரெண்டு குடும்பம் வாடகைக்கு இருக்கலாம்ப்பா."

"எஸ்டேட் மேனேஜர் ஒருத்தரோடது. இதப் போட்டுக்கிட்டுதான் அவரு கப்பு ஜெயிச்சாரு."

"பேண்ட்டுக்கா கப்பு குடுத்தாங்க?"

"குடுத்திருந்தா நியாயம். ஆட்டத்துக்குன்னு குடுத்தாங்க."

"காலரு என்னாப்பா, நாய்க் காது மாதிரி தொங்குது?"

"அதுக்குப் பேரே நாய்க்காது காலருதான். அப்ப ஊரே இதான் போட்டுக்கிட்டு சுத்துச்சி. பேஷன் எங்கயும் போயிடாது பாப்பா. ஒரு சுத்து சுத்திட்டு இங்கதான் வரும். வர்றப்ப நான் ரெடியா நிப்பேன்."

"அதுக்குள்ள உங்களுக்கு இடுப்பு சேராதுப்பா."

"அது கெடக்குது. ஒரு வக்கீலு, கேளு. தடிய எடுத்து வீசறாரு. பந்து அசையல. திரும்ப வீசறாரு, அசையல. பதிமூணு தரம். புல்லுதான் பறக்குது. பை தூக்கிக்கிட்டு கூட வந்த ஆளு குனிஞ்சி குனிஞ்சி அந்தப் புல்லெல்லாம் பொறுக்கறான். 'என்னாடா பண்ற?'ன்னு கேட்டாரு. 'மாட்டுக்கு இன்னிக்கி இது போதுங்கய்யா, நாளைக்கும் வருவீங்களா?'ன்னான்."

மகள் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததில் இவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் "சாப்பிட வர்றீங்களா, எடுத்து மூடிடவா?" என்றேன். இருவரும் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தார்கள்.

மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோதுதான் இதெல்லாம் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. முதலில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இவர் கட்டம்போட்ட பேண்ட்டில் போய் உட்கார்ந்தார். வந்தவர்களைக் கலகலப்பாக்குவதாக நினைத்துக்கொண்டு அந்த வக்கீல் ஜோக்கையே எடுத்துவிட்டார். வந்தவர்கள் வீட்டில் எட்டு மாடு கறக்கிறது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. "மாடு வெச்சிப் பொழைக்கறவங்கன்னு குத்திக் காட்டறாரா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதாக என் அக்கா மூலம் தெரிய வந்தது. அந்த வரன் அதோடு போயிற்று. மகளுக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்கும் பெரிதாக இல்லை.

இரண்டாவது வரன் அப்படியல்ல. பையன் கடலூரிலேயே திருப்பாதிரிப்புலியூர். அப்பா பெயிண்டுக் கடை வைத்திருக்கிறார். பையனும் டீச்சர். பயிற்சி வகுப்பு ஒன்றில் மகளைப் பார்த்து, நாலு வார்த்தை பேசி, பிறகு முறையாக வீட்டில் சொல்லி, அந்த ஊரிலேயே இருக்கிற என் அக்கா வழியாகக் கேட்டு அனுப்பியிருந்தான். மகள் என்னிடம் ஒன்றும் மறைக்கவில்லை. "இவர எனக்குப் புடிச்சிருக்கும்மா. இது தட்டிப் போச்சின்னா வேற பாக்காதீங்க" என்றாள். அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா. அந்த பேண்ட் வேணாம். ஜோக்கும் வேணாம்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு பஸ்ஸில் வழி நெடுக நின்றுகொண்டு வந்திருந்தேன், ஆபீஸிலும் ஒருவர் கத்தியிருந்தார். இதெல்லாம் சாக்கு என்று இப்போது தெரிகிறது. அவரைக் கூப்பிட்டு, "நாளைக்கி வேட்டி கட்டிக்கிட்டு உக்காருங்க. வாயே தொறக்காதீங்க. நீங்க பேசாம இருந்தாலே இந்தக் கல்யாணம் நடந்துடும்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பையனும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். கூடவே அக்காவும் வந்தாள். இவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பையனின் அப்பா நல்ல மனிதர், தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

"ஊட்டியில குளிரு ஜாஸ்திதான் இல்ல சார்?"

இவர் என்னைப் பார்த்துவிட்டு, "இருக்குங்க" என்றார்.

"கோல்ஃப் கிளப்புல இருந்தீங்களாமே. டிவியில பாத்திருக்கேன், ஒண்ணும் வெளங்கல. எப்படி சார் ஆடறது அத?"

இவர் மறுபடி என்னைப் பார்த்தார். "எனக்கு அவ்வளவா தெரியாதுங்க" என்றார்.

இருபது வருஷம் அங்கே இருந்தவர் சொன்ன பதில் இது. கேசரித் தட்டோடு நின்ற எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அப்போதைக்கு நிம்மதியாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நானே முன்னால் வந்து பேசினேன். மகளின் படிப்பு, வேலை, எங்கள் சொந்தக்காரர்கள் யார் யார் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர்கள் காப்பி குடித்துவிட்டு, "போயிட்டு போன் பண்றோம்" என்று கிளம்பினார்கள்.

நாலு நாள் போன் வரவில்லை. ஐந்தாம் நாள் அக்கா நேராக என் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். கேண்டீன் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள்:

"ஏண்டி, உம் புருஷனுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டம் இல்லியா? பொண்ணப் பெத்தவரு மொகங்குடுத்தே பேசல, அவருக்கு மனசில்லாம நம்ம ஏன் போயி நிக்கணும்னு கேக்கறாங்க. அவுங்க கேக்கறதும் நாயந்தானே?"

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் பேச வேண்டியவர் பெண்ணின் அப்பா. அவர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால்தான் பெண் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். அம்மா ஆயிரம் பேசினாலும் அது உபசாரத்தில்தான் சேரும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். யாரைப் பேச வைக்க வேண்டுமோ அவருடைய வாயையே கட்டிப்போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வரவேண்டும் என்று இவரிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். "நான் பேசாததாலயா?" என்று கேட்டார். பிறகு, "என்ன பேசணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடு. பஸ்ல படிச்சிக்கறேன்" என்றார். என்னைக் குத்துகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. மனதாரத்தான் கேட்டார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஞாயிறு காலையில் அந்தக் கட்டம்போட்ட பேண்ட்டை நானே இஸ்திரி போட்டு எடுத்து வைத்தேன். "வேணாம்மா, வேட்டியே இருக்கட்டும். பழகிடுச்சி" என்று அதை மடித்து உள்ளே வைத்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனோம். தாளில் நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கடலூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

அவர்கள் வீட்டில் உட்கார்ந்ததும் நான் மறைக்காமல் சொல்லிவிட்டேன். "அண்ணே, அன்னிக்கி இவரப் பேசக் கூடாதுன்னு சொன்னது நாந்தான். இவரு ஜோக்கு சொல்லுவாரு. போன தடவ வந்தவங்க அதத் தப்பா எடுத்துக்கிட்டாங்க. அந்த பயத்துல சொல்லிட்டேன்."

பையனின் அப்பா சிரித்துவிட்டார். "ஜோக்குக்கா தங்கச்சி இவ்வளவு?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பி, "ஆனா நான் உங்கள கேக்கணும் சார். எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்க உங்களுக்கு மனசு இருக்குதா?" என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசலாமா என்று கேட்கிற பார்வை. அங்கிருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. என்னை நினைத்துத்தான்.

"சொல்லுங்க" என்றேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "எம் பொண்ணு நல்லா சிரிக்கிற பொண்ணுங்க. சின்ன வயசுல நான் லீவுக்கு எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்கும். இப்ப வேலை, அலைச்சல்னு எங்க வீட்ல எல்லாருக்குமே அலுப்பாயிடுச்சி. யாரு மேலயும் தப்பு இல்லீங்க. அவ உங்க வீட்ல சிரிச்சிக்கிட்டு இருந்தான்னா எனக்குப் போதும். எனக்கு முழு மனசு."

பையனின் அப்பா எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே பார்த்து, காப்பி கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கே தேதி பேசினோம். போனில் சொன்னபோது மகள் அழுதாள். ஆவணியில் கல்யாணம் நன்றாகவே நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் நான் அவர் பக்கம் திரும்பி, "ஏதாவது ஜோக்கு சொல்லுங்களேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கி சொல்றேன். நீ ரொம்ப களைச்சிப் போயிருக்க, கொஞ்சம் தூங்கு" என்றார். நான் தூங்கிவிட்டேன்.

மறுநாள் அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வெந்நீர் போட்டு வைத்திருப்பார், சாப்பாடு எடுத்து வைப்பார், ஆபீஸில் என்ன நடந்தது என்று விசாரிப்பார். மகளும் மருமகனும் வந்தால் ஆசையாகப் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் ஜோக் மட்டும் வருவதில்லை. நானும் இன்னொரு தடவை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். நான் சொல்லச் சொன்னேன் என்பதற்காகச் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.