முறைக்கிற மணப்பெண்கள்

எங்கள் பொம்மைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் அன்றைக்குக் கண் எழுதக் கூடாது. புடவைக்குக் கரை போடலாம், ஜடையில் பூ வைக்கலாம், பீடத்துக்குப் பச்சை அடிக்கலாம். கண் மட்டும் ஆகாது. கையிலிருக்கும் கோபம் புருவத்தில் இறங்கிவிடுமாம். காலையில் உள்ளே நுழைந்ததுமே மேஸ்திரியம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்: "இன்னிக்கு எப்பிடி? கண்ணா, கரையா?"

விருத்தாசலத்துச் சூளையில் வெந்து வரும் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்வார்கள்? மற்றபடி என்னைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் அபிப்பிராயம் இல்லை. ஆறு வருடம் என் புருஷனாக இருந்தவர், "என்ன வுட்டா உன்ன எந்த நாயி சீண்டும்?" என்று தினமும் ஓதி ஓதி, விவாகரத்தாகி இரண்டு வருடம் கழித்தும் நான் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். வாய் மட்டும் காது வரை நீளும். உள்ளே சுத்தமாகக் காலி.

அன்று காலை அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்துத் தொலைத்தேன். திட்டக்குடி பஸ்ஸிலிருந்து புதுப் பெண்டாட்டியோடு இறங்கி, அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கித் தந்த கையில்லை அது! நேரே கூடத்துக்கு வந்தேன். மேஸ்திரியம்மா கேட்டார். "கண்ணுதான்க்கா, எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுத் தூரிகையை எடுத்தேன்.

அன்று நான் கண் எழுதியது கொலுவுக்குப் போகும் கல்யாண செட்டுக்கு. மதியம் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவர் வந்தார். சேத்தியாத்தோப்புக்காரர், மனைவி இறந்து நாலு வருடமாகத் தனி ஆள். நான் எழுதிக் காயவைத்திருந்த பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏங்க, இந்தப் பொண்ணுங்களுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்ல போலிருக்குது. இப்பிடி மொறச்சா மாப்பிள்ள பெட்டியிலேந்தே குதிச்சு ஓடிடுவாரு."

"வைக்கோல் சுத்துறது உங்க வேல. அத மட்டும் பாருங்க" என்றேன். பிறகு நானும் பார்த்தேன். அடப்பாவமே! வரிசையாக நாற்பது மணப்பெண்கள், அத்தனை பேரும் யாரையோ கடித்துக் குதறுவதற்குத் தயாராக நின்றார்கள்.

தின்னர் பாட்டிலை எடுத்து வந்து துடைக்க உட்கார்ந்தேன். சொல்லாமலே அவரும் பஞ்சை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "யாரு மேல கோவம்?" என்று கேட்டார். அவ்வளவுதான், இளநீர் வரைக்கும் கொட்டித் தீர்த்துவிட்டேன். குறுக்கே பேசாமல் கேட்டவர், கடைசியில் பஞ்சைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசமா கேக்கணும்னு இருந்தேன். என்னக் கட்டிக்கிறீங்களா?"

துடைத்துக்கொண்டிருந்த பொம்மையின் உதட்டையும் சேர்த்து அழித்துவிட்டேன். "பாவம்னு கேக்குறீங்களா?"

"பாவமா? உங்ககிட்ட பேசவே எனக்கு பயமா இருக்குதுங்க. இல்லன்னா கேக்க ஏன் ஒரு மாசம் ஆவுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மந்திரி மாதிரி, "யோசிச்சு சொல்றேன்" என்றேன். பிடிக்காமல் இல்லை. பிடித்திருந்தது, அதுதான் பயம். முதலாமவரும் தாலி கட்டும் வரை பசுதான். இன்னொரு முறை என்னால் அப்படித் தேய முடியாது. அதனால் சில வாரம் போலீஸ்காரி மாதிரி இவரைக் கவனித்தேன். லாரியில் ஏற்றுகிறவர்களைத் திட்டுகிறாரா, டீ ஆறியிருந்தால் கத்துகிறாரா என்று. ஒன்றும் சிக்கவில்லை. அதிலும் எனக்கு எரிச்சல்.

ஒரு நாள் மதியம் என் டப்பாவிலிருந்து அவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் வைத்தார்.

"உப்பு ஜாஸ்தியா இருக்குதுங்க."

என் தலை தானாகக் குனிந்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் உப்பில் தொடங்கினால் என் அம்மா வளர்த்த லட்சணம், என் நிறம், பிள்ளை இல்லாதது என்று ஒவ்வொன்றாக வந்து நான் சாகலாம் என்பதில் போய் நிற்கும். காத்திருந்தேன்.

"மோர் இருக்குதா?" என்றார்.

கொடுத்தேன். ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். இன்னும் காத்திருந்தேன். கை கழுவிவிட்டு வந்தவர், ஊரில் நேற்று நல்ல மழையாம் என்றார். குழம்பில் உப்பு அதிகம், அவ்வளவுதான் விஷயம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் பதறிப்போய்விட்டார். "ஐயையோ, அவ்ளோ ஒண்ணும் ஜாஸ்தி இல்லீங்க!"

"பொய் சொல்லாதீங்க, வாயில வைக்க முடியல" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நாள் பாக்கச் சொல்லுங்க."