யாரைக் காணோம்?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்க்கிற அவளுக்குச் சபை வாலிபர் குழுவில் வேறொரு பெயர் இருந்தது. கேம்ஸ் அக்கா. ஐம்பதை நெருங்குகிறவளை அக்கா என்று கூப்பிட அங்கே யாருக்கும் கூச்சம் கிடையாது. அந்தக் குழுவில் இருந்த அவளுடைய ஒரே மகன்கூட, மண்டபத்துக்குள் வந்துவிட்டால், "கேம்ஸ் அக்கா, அடுத்தது என்ன?" என்று வேண்டுமென்றே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கத்துவான். "வீட்டுக்கு வா, அடுத்தது என்னன்னு காட்டறேன்" என்பாள் அவள். மண்டபமே சிரிக்கும்.

கிறிஸ்துமஸ் பார்ட்டி என்றால் அவள்தான். செலவுக்குக் கொடுக்கச் சபையிடம் பணம் இருக்காது; அவளும் கேட்டதில்லை. மற்றவர்கள் குப்பை என்று தள்ளுவது அவள் கண்ணுக்கு விளையாட்டுச் சாமானாகத் தெரியும். நோயாளிகளின் அங்கிகளிலிருந்து உதிர்ந்த பட்டன்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பாள். உறிஞ்சுகுழலை வாயில் வைத்து, பட்டனை உறிஞ்சித் தூக்கி, அடுத்த தட்டில் போட வேண்டும். சிரித்தால் பட்டன் விழுந்துவிடும். சிரிக்காமல் இருக்க எவனாலும் முடியாது. காலியான டிஷ்யூ பெட்டிக்குள் பந்துகளைப் போட்டு இடுப்பில் பின்பக்கமாகக் கட்டிவிடுவாள். கையால் தொடாமல் குலுக்கியே எல்லாப் பந்தையும் வெளியே தள்ள வேண்டும். விறைப்பான போதகரே ஒரு வருஷம் அப்படிக் குலுக்கியதில், ஆறு மாசத்துக்கு அவர் பிரசங்கத்தை யாரும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

அதெல்லாம் ஊருக்கே சோறு போட்ட ஓட்டுத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலம். தொழிற்சாலையை இழுத்துப் பூட்டிய பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அவள் மகனும் கிளம்பினான். ஒரு ஏஜெண்ட் கட்டட வேலை என்று சொல்லி, கடல் கடந்து அழைத்துப் போனான். மகனோடு கூடப் போனது அவனுடைய சிநேகிதன், கண்ணாடி என்று எல்லாரும் கூப்பிடுகிற பையன். முதலில் மகன் தினமும் போன் செய்தான். பிறகு வாரம் ஒரு தடவை. பிறகு அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்ல ஆரம்பித்தது. ஏஜெண்ட் ஆபீசில் பூட்டு தொங்கியது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, "தகவல் வந்தா சொல்றோம்மா, போங்க" என்றார்கள். அது நடந்து இது இரண்டாவது கிறிஸ்துமஸ்.

புருஷன் கம்பத்திலிருந்து விழுந்து முதுகு போன எலக்ட்ரீஷியன். கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்கமாட்டார். அவள் பழைய பேப்பர்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த புள்ள எங்க கிடக்கான்னு தெரியல. ஊரான் புள்ளைங்களுக்கு பலூன் ஊதப் போறியா?"

"கண்ணாடி வந்திருக்கானாம். பார்ட்டிக்கு வருவான்னு அவன் அம்மா சொன்னா."

அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார். அவள் வாசலைத் தாண்டும்போது, "நேரா கேட்டுடு. சுத்தி வளைக்காத" என்றார்.

பெரிய மண்டபத்தை ஏதோ கம்பெனி விழாவுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். இவர்களுக்குப் பின்பக்கத்து அறை. வந்தவர்கள் ஒரு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தால் அடங்கிவிடுவார்கள். பேக்கரியில் வேலை செய்கிற பெண் உடைந்த பிஸ்கட்டுகளை ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தாள். நெட்டை என்கிற பையன் கதவில் தலையை இடித்துக்கொண்டே வந்தான். கடைசியாகக் கண்ணாடி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நேராகக் கேட்கவேண்டியதுதான். ஆனால் முதலில் விளையாட்டு முடியட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பேப்பர் விளையாட்டை ஆரம்பித்தாள். ஜோடி ஜோடியாகப் பேப்பர்மேல் நிற்க வேண்டும். பாட்டு நிற்கும்போதெல்லாம் பேப்பரைப் பாதியாக மடிக்க வேண்டும். இரண்டே மடிப்பில் ஆட்டம் முடிந்துவிட்டது. பொட்டலம் கைமாற்றும் விளையாட்டும் ஒரு சுற்றுக்கு மேல் தாங்கவில்லை. இரண்டு அணி பிரித்தால் ஒரு அணிக்கு ஆள் போதாது. பக்கத்து மண்டபத்திலிருந்து ஸ்பீக்கர் சத்தம் சுவரை அதிர வைத்தது.

சாமானே தேவைப்படாத விளையாட்டு ஒன்று அவள் நினைவுக்கு வந்தது. ஒருவர் கண்ணைக் கட்டிவிட வேண்டும். இன்னொருவர் சத்தம் போடாமல் ஒளிந்துகொள்ள வேண்டும். கட்டை அவிழ்த்ததும், யாரைக் காணோம் என்று சொல்ல வேண்டும். என்ன விளையாட்டு இது என்று யோசிக்காமலே அவள் பேக்கரிப் பெண்ணின் கண்ணைத் துப்பட்டாவால் கட்டினாள். நெட்டை பூனைநடை நடந்து அலமாரிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். கட்டை அவிழ்த்தாள்.

"யாரைக் காணோம்?" என்று எல்லாரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

பேக்கரிப் பெண் சுற்றிப் பார்த்தாள். நெட்டை இல்லை என்பது பார்த்த உடனேயே தெரிகிற விஷயம். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. "டிரம்ஸ் வாசிப்பானே, அவனக் காணோம்" என்றாள். யாரோ சிரித்தார்கள். "ரெட்டைப் பின்னல் அக்காவும் தங்கச்சியும், ரெண்டு பேரையும் காணோம். எங்க அண்ணனக் காணோம். கிட்டார்காரனக் காணோம்." சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், கேம்ஸ் அக்காவைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு" என்றாள் கேம்ஸ் அக்கா. "பாதியில நிறுத்தக் கூடாது."

"உங்க பையனக் காணோம்க்கா."

"நான் இங்க இருக்கேன்! என்னை மறந்துட்டீங்களா?" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து நெட்டையின் குரல் கேட்டது. விஷயம் புரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டே வெளியே வந்தவன், எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

கண்ணாடி எழுந்து வந்தான். அவளிடம்தான் பேசினான், ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"இறங்கின ரெண்டு மூணு மாசத்துலயே எங்களைப் பிரிச்சிட்டாங்கக்கா. ஒரு காலையில லாரி வந்துச்சு. பேரு கூப்பிட்டாங்க. அவன் பேரு இருந்துச்சு, என் பேரு இல்ல. ஏறிட்டு எனக்குக் கை காட்டினான். எங்க போறாங்கன்னு கேட்டேன், அடிச்சாங்க. அப்புறம் நான் பார்க்கவே இல்ல."

"போன் பண்ணி சொல்லியிருக்கலாமேப்பா."

"என்னன்னுக்கா சொல்றது?"

அவள் துப்பட்டாவை மடித்துக்கொண்டே, "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று கேட்டாள்.

"நீலம்" என்றான் கண்ணாடி. யோசிக்காமல், கேட்ட உடனே சொல்லிவிட்டான். அவனுக்கு நினைவில்லை என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் தலையை ஆட்டினாள். நீலம் என்றே வைத்துக்கொண்டாள்.

பிறகு அவர்கள் உடைந்த பிஸ்கட்டுகளைத் தின்றார்கள். ஒருவர் ஜெபம் செய்தார். கலைந்து போனார்கள்.

வீட்டில் புருஷன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபடி இருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அடித்ததை மட்டும் விட்டுவிட்டு. நீலச் சட்டையையும் சொன்னாள்.

"அவன்கிட்ட நீலச் சட்டை ஏது?" என்றார் அவர்.

"அங்க வாங்கியிருப்பான்."

"ம்" என்றார்.

கண்ணாடி பண்டிகை முடிந்ததும் வேலைக்காக வேறொரு நாட்டுக்குப் போய்விட்டான். நெட்டைக்கு எங்கோ காவலாளி வேலை கிடைத்தது. அடுத்த டிசம்பர் வந்தபோது போதகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வாலிபர் கூடுகைய இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்மா. ஆள் சேரட்டும்" என்றார். ஆள் சேராது என்பது இருவருக்குமே தெரியும். "சரிங்கய்யா" என்றாள்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. உள்ளறையில் புருஷன் முதுகையும் பொருட்படுத்தாமல் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தது கட்டில் சத்தத்திலேயே தெரிந்தது. அவள் ஈரக்கையோடு ஓடி எடுத்தாள்.

"அக்கா, நான்தான்!" பேக்கரிப் பெண். தூரத்து நகரத்தில் ஒரு தையல் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தாள். "இங்க பார்ட்டி வைக்கப் போறோம்க்கா. செலவில்லாம எதுனா விளையாட்டு சொல்லுங்களேன்."

"எத்தனை பேரு?"

"நிறைய பேருக்கா! ஹால் பத்தாது!"

அவளுக்குக் குரல் ஏறியது. "அப்ப ரெண்டு அணியாப் பிரிச்சிடு. உங்களுக்குத்தான் பட்டனுக்குப் பஞ்சமே இல்லையே. உறிஞ்சுகுழல் மட்டும் எடுத்துக்கோ. முதல்ல..."

அந்தப் பக்கம் யாரோ சத்தமாகப் பேரைச் சொல்லி அழைத்தார்கள். "ஒரு நிமிஷம்க்கா, சூப்பர்வைசர். நானே கூப்பிடறேன்."

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எந்த விளையாட்டை முதலில் வைத்தால் கூச்சம் போகும், எதைக் கடைசியில் வைக்கலாம் என்று வரிசைப்படுத்திப் பார்த்தாள். பாத்திரத்தில் சோப்பு காய்ந்தது. போன் அடிக்கவில்லை.

"யாரு?" உள்ளேயிருந்து அவர் கேட்டார்.

"பேக்கரிப் பொண்ணு."

கட்டில் மறுபடியும் கிரீச்சிட்டது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.