பாதியில் மாறிய குழுவும் சரோஜம்மாவின் வீடும்

மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பெண்களில் வயதில் மூத்தவர் சரோஜம்மா. அறுபத்து நான்கு வயது. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆறு மாடிக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிறார். வேலையைப் பற்றி ஒருநாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. அவருக்குக் குறை ஒன்றே ஒன்றுதான்: முப்பத்தெட்டு வருடமாகக் குடியிருக்கும் வீடு அவருடையது இல்லையாம்.

பக்கத்து வீட்டுக்காரன் நான். அவருக்கு மனு எழுதிக்கொடுத்தவனும் நான்தான். அதனால் இதைக் கோபமில்லாமல் சொல்ல எனக்கு வராது.

அவர் கணவர் காத்தவராயன் இங்கிருந்த தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போடும் வேலை பார்த்தவர். கம்பெனி அவருக்குக் கொடுத்தது தொழிலாளர் குடியிருப்பின் மூன்றாவது லைனில், அதாவது மூன்றாவது வரிசையில், ஒரு வீடு. எங்கள் லைனில் கிருஷ்ணப்பா இருந்தார். அவருடைய கைக்குழந்தை ஜுரத்தில் இறந்துபோக, இனி அந்த வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று அவர் மனைவி அழுதார். காத்தவராயனும் கிருஷ்ணப்பாவும் பேசி வீடுகளை மாற்றிக்கொண்டார்கள். அப்போதெல்லாம் இங்கே அப்படித்தான். கம்பெனி குமாஸ்தா ஹரோல்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் ரிஜிஸ்தரில் மாற்றிவிடுவார். யாரும் காகிதம் கேட்டு வாங்கியதில்லை. அந்த ஒரு தடவை ஹரோல்ட் எழுத மறந்துவிட்டார்.

சுரங்கத்தை மூடினார்கள். நெஞ்சு முழுக்கத் தூசியோடு எட்டு வருடம் இருமி காத்தவராயன் போய்ச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா குடும்பம் பெங்களூருக்குப் போய்விட்டது. மூன்றாவது லைனில் அவர்கள் விட்டுப்போன வீட்டுக்கு இப்போது கூரை இல்லை, உள்ளே முள்செடி. குடியிருப்பவர்களுக்கே வீடு என்று பேச்சு வந்தபோது கம்பெனியின் பட்டியலைப் பார்த்தால், காத்தவராயன் பெயருக்கு நேரே அந்தக் கூரையில்லாத வீடு. சரோஜம்மா தினமும் பெருக்கித் துடைக்கும் வீட்டுக்கு நேரே கிருஷ்ணப்பா பெயர். கிருஷ்ணப்பாவின் மகன் கிரண் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான். மாற்றிக்கொண்ட கதையே தனக்குத் தெரியாது என்றான்.

சுரங்கக் கம்பெனி மத்திய அரசுடையது என்பதால் நாங்கள் டெல்லிக்கு மனு அனுப்பினோம். நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரிக்க நேரிலேயே வந்தது. எண்பத்து நான்கு வயதில் ஹரோல்ட் ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். "தப்பு இந்தம்மாவுது இல்ல, என்னுது. ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து சொன்னாங்க. எழுத மறந்துட்டேன்," என்று அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொண்டு அழுதார். குழுவின் தலைவியே எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். இந்தச் சாட்சியம் போதும், அறிக்கையில் சேர்க்கிறோம் என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் சரோஜம்மா சுண்ணாம்பு வாங்கி வெள்ளையடித்தார். யார் வீட்டுக்கோ எதற்கு என்று மூன்று வருடமாக அடிக்காமல் விட்டிருந்தார்.

அறிக்கை வரவில்லை. இரண்டு மாதத்தில் ஹரோல்ட் இறந்துபோனார். அடுத்த நாலாம் மாதம், மறுபடி விசாரணை என்று கடிதம் வந்தது.

போய்ப் பார்த்தால் ஒரு முகமும் தெரிந்த முகமாக இல்லை. தலைவி மந்திரியாகிவிட்டாராம். ஒருவர் கட்சி மாறிவிட்டாராம், பழைய கட்சி அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டதாம். இன்னொருவர் வேறு குழு கேட்டு வாங்கிக்கொண்டாராம். ஆளை மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் போனவர்களுக்கு வாய் இல்லையா? வந்தவர்களுக்குக் கண் இல்லையா? எங்கள் கோப்பு மேஜைமேல்தான் இருந்தது, கட்டிய நாடாகூட அவிழ்க்காமல்.

நடுவில் உட்கார்ந்திருந்த புது உறுப்பினர் சாட்சி எங்கே என்று கேட்டார். இறந்துவிட்டார், அவர் சொன்னது முழுக்க இந்தக் கோப்பில் இருக்கிறது என்றேன். அப்போது நான் உறுப்பினராக இல்லையே என்றார் அவர், சிரித்துக்கொண்டே. நான் வாய் திறப்பதற்குள் சரோஜம்மா எழுந்துவிட்டார்.

"இன்னா சார் இது? ஆள் மாறினா வேல மொதல்லேர்ந்தா? எங்க வூட்டுக்காரரு வேல செஞ்ச எடத்துல தெனம் மூணு தடவ ஆள் மாறுவாங்க. போறவன் வர்றவன நிக்க வெச்சி, மருந்து வெச்ச எந்தக் குழி வெடிக்கல, எந்தக் கல்லு தொங்குதுன்னு கைய நீட்டிக் காட்டிட்டுத்தான் மேல போற கேஜ்ல ஏறுவான். காட்டாம ஏறினா வர்றவன் செத்துடுவான் சார். படிக்காதவங்களுக்கு அது தெரிஞ்சிது. உங்களுக்கு யாரும் ஒண்ணும் காட்டிட்டுப் போவலியா?"

மொழிபெயர்க்க வந்தவர், அம்மா வருத்தப்படுகிறார் என்று மட்டும் சொன்னார். உறுப்பினர் தலையாட்டிவிட்டு அடுத்த மனுவைக் கூப்பிட்டார்.

ஆறு வாரம் கழித்து நடவடிக்கைக் குறிப்பின் நகல் தபாலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சரோஜம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படி என்றார். படித்தேன்: "மனுதாரரின் சாட்சி ஆஜராகவில்லை. கோரிக்கை நிரூபிக்கப்படவில்லை."

"செத்துட்டாருன்னு எழுதலியா?"

"இல்லம்மா. வரலன்னுதான் போட்டிருக்கு."

"மொதல்ல வந்து அழுதாரே, அது?"

"அதுவும் இல்ல."

 சரோஜம்மா வாளியைத் தூக்கினார்.

"இன்னொரு தடவ ஆள மாத்திட்டு வருவாங்க இல்ல? அதுக்குள்ள நான் செத்துப் பூட்டா, எம்பேருக்கும் வரலன்னே போட்டுக்கச் சொல்லு."