சந்தேகப்படுறியான்னு கேட்கப் போன கதை

இளம் பிள்ளைகளின் ஆளுமைக் கோளாறுகளைப் பற்றிய ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. கேள்வி கேட்கிறவளை ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்பது அந்த வேலையின் முதல் பாடம். கணக்கெடுப்பு, கருத்துக்கணிப்பு என்று வாசல் வாசலாக நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும்.

கம்பிக் கேட்

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டுப் பிள்ளை தர்ஷினிக்குப் பதினெட்டு வயது. யாரோடும் பேசுவதில்லை, சாமான்களை உடைக்கிறாள் என்று கண்டியிலுள்ள எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிவந்திருந்தார்கள். ஆய்வில் சேர அவளும் சம்மதித்தாள், அம்மாவும் சம்மதித்தார். அப்படியிருந்தும் நான் போன அன்று அம்மா கேட்டைத் திறக்கவில்லை. மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரமாம். பெண் வீட்டைப் பற்றி ரகசியமாக விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கம்தானே! என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உண்மையச் சொல்லுங்க, மாப்பிள்ள வீட்டுல யாரு ஒங்கள அனுப்பினது?"

பூனை

ஒரு வழியாக உள்ளே விட்டார். பிள்ளையை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் தனியாகக் கேட்பது எங்கள் முறை. அதனால் அம்மாவில் தொடங்கினேன். கோபம் வருமா? "வரவே வராது." பிடிவாதம்? "ஐயோ, தங்கமான புள்ள." நான் உட்கார்ந்த கதிரைக்கு நேர் எதிரே அலுமாரிக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. எனக்குச் சுள்ளென்று எரிச்சல். இப்படி மூடி மறைத்தால் பிள்ளைக்கு எப்படி வைத்தியம் பார்ப்பது? கண்ணாடியைக் காட்டினேன். பூனை பாய்ந்ததாம். நான் எழுதத் தொடங்கியதும் பதறிப்போனார்: "பூனையப் பத்தியுமா எழுதுவீங்க?"

திரைச்சீலை

அடுத்து தர்ஷினி. அவளுடைய அறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். காரணமில்லாமல், யாரோ கண்காணிக்கிறார்கள் என்று தோன்றுமா? "ஆமா." போனை நோண்டுகிறார்கள் என்று? "ஆமா." ஒட்டுக்கேட்கிறார்கள் என்று? "ஆமா மிஸ்." எனக்கோ ஒரே உற்சாகம். எல்லாரையும் சந்தேகப்படுகிற ஆளுமை என்று மனசுக்குள் பேரே வைத்து, தாளிலும் எழுதிவிட்டேன். அப்படியொரு பேர் ஒட்டிக்கொண்டால் பிறகு அவள் எதைச் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? அதை நான் யோசிக்கவில்லை. அவள் என் பக்கம் குனிந்து குசுகுசுத்தாள்: "மெதுவாப் பேசுங்க மிஸ். பின்னால திரும்பிப் பாருங்க, திரைக்குக் கீழ அம்மாவோட காலு."

கதவுள்ள அறை

கண்டிக்குத் திரும்பி, ஆய்வை நடத்தும் டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நான் எழுதியதை ஒரே கோடாக வெட்டினார். இந்த வயதுப் பிள்ளைக்குப் பேர் வைக்க அவசரப்படாதே, கிளினிக்கில் வைத்துத் திரும்பக் கேள் என்றார். தர்ஷினி வந்தாள். அம்மாவை வெளி வராந்தாவில் உட்கார வைத்தோம். இவள் கதவைத் தாழிட்டாள், ஜன்னலை எட்டிப் பார்த்தாள், என் போனையும் அணைக்கச் சொன்னாள். பிறகு அழுதாள். தோழிக்கு அவள் போனில் எழுதியதை அம்மா உறவுக்காரர் முன்னால் சத்தமாக வாசித்திருக்கிறார். அன்றைக்குத்தான் கண்ணாடியை உடைத்தாளாம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அம்மா மேல் கோபமும் வந்தது. ஆனாலும் வேலை வேலைதானே, பழைய கேள்வியை மறுபடி கேட்டேன்: காரணமில்லாமல் சந்தேகம் வருமா? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்: "காரணம் இருக்கிறவங்க என்ன பதில் சொல்லணும் மிஸ்?"

இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் திரைக்குக் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நான் பேனாவைத் திறக்கிறேன்.