புரிஞ்சுதுங்க சார்

வகுப்புக்குப் போவதற்கு முன்னால் எனக்கு வயிறு கலக்கும். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், நான் பின்பக்கக் கழிப்பறைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் சொல்லித்தரும் ஒரு சின்னக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. நான் சிதம்பரம் பக்கத்து ஆள், வேதியியல் படித்தவன். அதுவரை சூளையைப் பார்த்ததுமில்லை, வகுப்பு எடுத்ததுமில்லை. இரண்டில் எதைக் கண்டு அதிகம் பயம் என்று கேட்டால், வகுப்பைக் கண்டுதான். சூளை நம்மைப் பார்த்துச் சிரிக்காது.

எனக்கு முன்னால் இருந்தவரை மாணவர்கள் ஓட்டியே அனுப்பிவிட்டார்கள் என்று சேர்ந்த அன்றே சொன்னார்கள். ஓட்டுவதற்கென்று ஒரு முறை இருந்தது. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் கடைசி வரிசையில் ஒரு செருப்பு சிமெண்டுத் தரையில் தேயும். சர்ர்ர் என்று. அடுத்து அதற்கு முன்வரிசை, அதற்கும் முன்வரிசை. கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்கத் தேயும். திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். யாரைப் பிடிப்பது, யாரைத் திட்டுவது? அந்த மனிதர் கண் கலங்கி ஒருநாள் பாதி வகுப்பில் இறங்கிப் போனவர்தானாம், சம்பளம் வாங்கக்கூட நேரில் வரவில்லையாம்.

இதை எனக்குச் சொன்னவர் இயற்பியல் ஆசிரியர். வகுப்பு எடுப்பது எப்படி என்பதற்கு அவரிடம் ஆலோசனைகளுக்குக் குறைவே இல்லை. "மொத நாளே ஒருத்தனை வெளியில அனுப்பிடுங்க. அவன் தப்பு பண்ணணும்னு அவசியமில்ல," என்றார். "அப்பறம், அப்பப்போ புரிஞ்சுதான்னு கேட்டுக்கங்க. புரிஞ்சுதுன்னு சொல்லுவானுங்க. நமக்கும் ஒரு தெம்பு வரும்."

முதல் ஆலோசனைக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

நான் பாடம் நடத்திய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். முந்தின நாள் ராத்திரியே ஆங்கிலத்தில் முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்துவிடுவேன். மேடையில் ஏறியதும் எதிர்ச் சுவரில், அவர்கள் தலைக்கு மேலே, சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு ஒப்பிப்பேன். கை நடுங்குவது தெரியக்கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். எழுதும்போது சாக்கட்டி ஒடியும். நடுவில் யாராவது இருமினால் விட்ட இடம் மறந்துபோய் பாராவின் தொடக்கத்துக்கே போவேன். மணி அடிக்கும் நேரத்தில் கேட்பேன்: "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மருந்து. அதைக் கேட்டபிறகுதான் மத்தியானச் சோறு இறங்கும். மாதங்கள் போயும் ஒரு செருப்பும் தேயவில்லை. நமக்கு ஏதோ வித்தை இருக்கிறது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். இயற்பியல்காரர்கூட ஒரு தினுசாகப் பார்த்தார்.

கடைசி வருட மாணவர்கள் கல்லூரியின் சின்ன எண்ணெய்ச் சூளையைத் தாங்களே எரிக்க வேண்டும். அது செய்முறைப் பரீட்சைக்கு முன்னால் நடக்கிற ஒன்று. ஃபியூஸ் கட்டைகளும் ஊறுகாய் ஜாடிகளும் அடுக்கி, பர்னர் வழியாகக் கருப்பு எண்ணெயைக் காற்றோடு ஊதி எரிக்கிற சூளை. அதில் ஒரே ஒரு பயங்கரம் உண்டு. எரிந்துகொண்டிருக்கும்போது தீ சில சமயம் தானாக அணைந்துவிடும். அணைந்த பிறகும் எண்ணெய் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சூட்டில் ஆவியாகி சூளையின் உள்ளறை முழுக்க நிரம்பும். அந்த நேரத்தில் யாராவது பந்தத்தை நீட்டினால் போச்சு, பர்னர் வாய் வழியாகத் தீ வெளியே பாயும், முகத்தில்தான் அடிக்கும். அதனால் அணைந்தால் முதல் வேலை எண்ணெயை மூடுவது. அடுத்து டேம்பரை, அதாவது புகைபோக்கிக்குப் போகிற வழியிலிருக்கும் தடுப்புக் கதவை, முழுக்கத் திறப்பது. ஆவி வெளியேறும்வரை காற்றை மட்டும் ஓடவிட்டுக் காத்திருப்பது. அதற்கப்புறம்தான் பந்தம், அதுவும் பக்கவாட்டில் நின்றுகொண்டு.

இதைப் புத்தகத்தில் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சூளையைக் கடந்து போகவே பிடிக்காது. தொழிற்பேட்டைப் பக்கம் டீக்கடையில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். புருவமே கிடையாது. ஒரு பக்கக் கன்னம் பளபளவென்று இழுத்துக்கொண்டிருக்கும். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

ஆகவே அந்தப் பாடத்தை ரொம்பக் கவனமாகத் தயாரித்தேன். கவனமாக என்றால், இன்னும் நன்றாக மனப்பாடம் செய்தேன். ஒப்பித்தேன். கேட்டேன். "புரிஞ்சுதுங்க சார்" என்றார்கள்.

சூளை பற்றவைப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு மாணவன் என்னைத் தேடி வந்தான். கம்மாபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன். நெட்டையாக, எப்போதும் கொஞ்சம் குனிந்தே நிற்பான். அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விடும் என்று ஊரில் பேச்சு. நிலம் போனால் வீட்டுக்கு இவன் ஒருவன் சம்பளம்தான் என்று வீட்டில் படிக்க வைத்திருந்தார்கள். மறுநாள் பர்னர் பக்கத்தில் முதல் ஆளாக நிற்கப்போவது அவன்தான்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? கோச்சுக்கக் கூடாது."

"கேளுப்பா."

"டேம்பரு டேம்பருன்னு சொன்னீங்களே, அது சூளையில எங்க சார் இருக்குது?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். "அன்னிக்குப் புரிஞ்சுதுன்னு சொன்னியேடா!"

அவன் தரையைப் பார்த்தான். "எல்லாருந்தான் சார் சொன்னோம்."

"எல்லாருக்கும் புரியலையா?"

"யாருக்கும் புரியலைங்க சார்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்: "உங்க மேல தப்பு இல்லீங்க. நீங்க வந்த மொத நாளு கையெல்லாம் ஒதறிச்சு. சாக்கட்டி ஒடஞ்சு ஒடஞ்சு வுழுந்துது. எங்களுக்குப் பாவமா இருந்துச்சு. முன்னாடி இருந்த சாரு அழுதுட்டே போனாருல்ல, அது எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்த சாரை யாரும் ஒண்ணும் செய்யக் கூடாது, கேள்வி கேட்டுக் கொடையவும் கூடாது, என்னா கேட்டாலும் புரிஞ்சுதுன்னு சொல்லிடணும்னு பேசி வச்சிருக்கோம் சார்."

என் வித்தை என்று நான் எண்ணியிருந்தது அவர்கள் இரக்கம். அது உறைத்த அதே நொடியில் இன்னொன்றும் உறைத்தது. நாளைக் காலையில் இந்தப் பிள்ளைகள், எனக்கு மனசு கஷ்டப்படக்கூடாது என்பதற்காக, ஒன்றும் தெரியாமல் அந்தச் சூளையின் வாயில் போய் நிற்கப்போகிறார்கள். அந்தக் கன்னம் பளபளத்த மனிதர் கண்முன் வந்தார். அவருக்கு இவன் முகம் இருந்தது.

பிரின்சிபால் வீட்டுக்கு ஓடினேன். ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "எண்ணெய் வந்து எறங்கியாச்சு. பரீட்ச நெருங்குது. என்னாத்துக்குப் பயப்படறீங்க? மத்தியானந்தான் பசங்களைக் கூப்ட்டுக் கேட்டேன். எல்லாம் புரிஞ்சுதுன்னு சொன்னாங்களே!"

அன்றிரவு தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

காலையில் வகுப்பறைக்குப் போகவில்லை. எல்லோரையும் நேராகச் சூளைக்கொட்டகைக்கு வரச்சொன்னேன். மனப்பாடம் செய்தது எதுவும் ஞாபகத்தில் இல்லை. மேடையில்லை, பிடித்துக்கொள்ள மேசையில்லை. அவர்கள் முகங்களை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றிலும் புருவம் இருந்தது.

"எனக்குப் பயமா இருக்குது," என்றேன். தமிழில். "உங்களைப் பாத்து பயமா இருந்துச்சு, அது உங்களுக்கே தெரியும். இப்ப உங்களுக்காகப் பயமா இருக்குது. அதனால இன்னிக்குப் புரிஞ்சுதான்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது. செஞ்சு காட்டணும்."

சூளை குளிர்ந்து கிடந்தது. எண்ணெய்க் குழாயையும் மூடி வைத்திருந்தேன். டேம்பர் கைப்பிடியை ஒவ்வொருவரும் தொட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு ஒருவனைப் பர்னருக்குப் பக்கத்தில் நிறுத்தி, எரிவதாக வைத்துக்கொள்ளச் சொல்லி, "அணைஞ்சுபோச்சு!" என்று கத்தினேன். அவன் பாய்ந்து பந்தத்தை எடுத்தான். "செத்துட்டே, அடுத்த ஆள்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவனும் பந்தத்தைத்தான் எடுத்தான். அவனுக்கு அடுத்தவனும். அப்புறம் சிரிப்பு நின்றது.

"ஏண்டா எல்லாரும் பந்தத்துக்கே போறீங்க?" என்று கேட்டேன்.

திட்டக்குடிப் பையன் ஒருவன் மெல்லச் சொன்னான்: "வூட்டுல ஸ்டவ்வு அணைஞ்சா உடனே தீக்குச்சிதான சார் கிழிப்போம்?"

என் ஆங்கிலப் பாடத்தில் இதற்கு எங்கே இடம்? அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது, அது சமையலறையில் படித்தது, நான் அதன்மேல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வகுப்பு எடுப்பதைப் பற்றி யாராவது இளம் ஆசிரியர்கள் இன்று என்னிடம் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: புரிந்ததா என்று கேட்காதீர்கள், இப்போது நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அந்த மௌனம் ரொம்பக் கொடுமையாக இருக்கும். இருக்கட்டும்.

மீண்டும் மீண்டும் அணைத்தேன். ஒவ்வொருவன் கையும் தானாக எண்ணெய் வால்வுக்குப் போகும்வரை விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை.

பற்றவைத்தோம். பந்தம் போனதும் உள்ளே ஒரு உறுமல் கேட்டது. கம்மாபுரத்தான் பர்னர் பக்கத்தில் நின்றான். நான் அவனுக்குப் பின்னால். சூளை சூடாகிக்கொண்டிருந்தது, ஆனால் உட்சுவர் இன்னும் சிவக்கவில்லை. அதுதான் மோசமான நேரம்: எண்ணெய் ஆவியாகும், ஆனால் சுவர்ச் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளாது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும், பர்னர் இருமியது. ஒருதரம், மறுதரம். உறுமல் நின்றது. பார்வைத் துளையில் கருப்பு.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. பற்றவைத்த பந்தம் அணைக்காமல் அவன் காலடியில் எரிந்துகொண்டிருந்தது. அவன் கை கீழே இறங்கியது. பந்தத்தை எடுத்தான். என் கண் இருண்டது.

அவன் அதைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினான். "கொட்டாய்க்கு வெளிய கொண்டு போடா," என்றான். ஒருவன் வாங்கிக்கொண்டு ஓடினான். அவன் வால்வை மூடினான், டேம்பரை முழுக்க இழுத்தான், காற்றை ஓடவிட்டுப் பக்கத்தில் ஒதுங்கி நின்றான். புகைபோக்கியில் வெளுத்த ஆவி திரள் திரளாகப் போனது. அது இவ்வளவு நேரமும் எங்கள் முன்னால் இருந்திருக்கிறது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

மறுபடி பற்றவைத்துத் தீ நிதானமாக நின்றபின் எழுந்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று வாயைத் திறந்தால், பழக்கதோஷம், அதுதான் வந்தது.

"புரிஞ்சுதா?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. கம்மாபுரத்தான் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். குனியாமல் நின்றான்.

"இல்லீங்க சார். எண்ணெயை மூடினப்பறமும் அவ்ளோ நேரம் ஏன் நிக்கணும்னு எனக்கு இன்னும் புரியலைங்க. மறுபடி சொல்லுங்க சார்."

சாக்கட்டி இல்லை. ஒரு கரித்துண்டை எடுத்துக் கொட்டகைச் சுவரில் சூளையை வரைய ஆரம்பித்தேன். கோடு கோணலாகப் போனது. முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஒரு செருப்பு தேய்ந்தது. பிறகு இன்னொன்று, பிறகு எல்லாமும். குலை நடுங்கத் திரும்பினேன். படம் சரியாகத் தெரிய வேண்டும் என்று எல்லோரும் என் பக்கத்தில் நெருங்கி வந்துகொண்டிருந்தார்கள்.