ஒரு வீட்டுக்கு ஒரு டின்

சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய செய்தித்தாளின் முன்னால் ஒரு கண்ணாடிக் குழாயைப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, லலிதாம்பாள் விளம்பரம் வாசிக்கிறார். குழாயில் இருப்பது இறைச்சிச் சாறு. கிருமிகள் பெருகியிருந்தால் அது நீர்மோர் போலக் கலங்கியிருக்கும். பின்னால் இருக்கும் எழுத்து தெரியாது. இன்று தெரிகிறது.

"'கறவை எருமை விற்பனைக்கு'ன்னு ஸ்பஷ்டமா வாசிக்க முடியறது. பையன்கள் போயாச்சு" என்று குழாயைத் தாங்கியில் வைக்கிறார்.

பையன்கள் என்றால் கிருமிகள். அவர்களைக் கொன்றது மருந்தோ நெருப்போ அல்ல. கிருமிக்கும் வியாதி உண்டு. பீங்கான் வடிகட்டியிலும் நழுவிப் போகிற, மைக்ராஸ்கோப்புக்கும் அகப்படாத ஏதோ ஒன்று கிருமிக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அதைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. டாக்டர்கள் அதை பேஜ் என்கிறார்கள். லலிதாம்பாளுக்கு அது 'தின்னி'.

திருவனந்தபுரத்துச் சர்க்கார் லாபரட்டரியில் அவருக்கு ஆறு வருஷ உத்தியோகம். வலியசாலையில் வீடு; கணவர் ஸ்ரீகண்டன் சர்க்கார் தலைமை ஆபீஸான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. ஆபீஸில் என்ன வேலை என்று தெருப் பெண்கள் கேட்டால் சயன்ஸ் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும்படி கணவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவரோ, "மலம் பார்க்கறேன். உங்காத்துலே யாருக்காவது வயத்துப்போக்கு உண்டானா கொண்டு வாங்கோ" என்று பதில் சொல்வார். இப்போது யாரும் கேட்பதில்லை.

கிருமிகளைப் பற்றி அவர் பேசுவது தெருவம்பு போலவே இருக்கும். வயிற்றுக்குள் கோடி வீடுகள் உள்ள ஒரு தெரு ஓடுகிறது. ஒரு வீட்டில் நடந்தது அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இராது. சாகிற கிருமிகூட ஏதோ சேதி விட்டுவிட்டுத்தான் சாகிறது என்பது அவர் கட்சி. தெளிந்த குழாய் இரண்டு நாளில் மறுபடி கலங்குவதை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார். "தப்பிச்சவன் பாடம் படிச்சுண்டு வரான், கேட்டேளா?" தலைமை டாக்டர் இதைக் கேட்டுச் சிரிப்பார். அதொன்றும் சாரமில்லை, சிரித்தால் சிரிக்கட்டும் என்று இவர் அடுத்த குழாயை எடுப்பார்.

தாங்கியின் முதல் குழாயில் 'பொன்னம்மை' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. பொன்முடிப் பக்கத்திலிருந்தும் தெற்கே நாகர்கோயிலிலிருந்தும் ஆள் அனுப்பி அதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அது வந்த கதையைச் சொல்லாமல் லலிதாம்பாளைச் சொல்ல முடியாது.

சென்ற மழைக்காலத்தில் போனக்காட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் குழந்தைகளுக்குச் சீதபேதி கண்டது. தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை ஒரு கொட்டகையில் விட்டுப் போவார்கள். அங்கே பார்த்துக்கொள்பவள்தான் பொன்னம்மை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த விதவை. அவள் பார்த்துக்கொண்ட குழந்தைகள் வரிசையாக விழுந்தன. இரண்டு மண்ணுக்குப் போயின. அவள் மகளும் படுத்துவிட்டாள். பொன்னம்மைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. போதாதா? வயிற்றில் நோயை வளர்த்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள் என்று கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் முழுக்கப் பேச்சு. அவளிடம் நோய் இருப்பதாக லாபரட்டரி எழுதிக் கொடுத்தால் சம்பள நாளன்று அவளை மலையிலிருந்து இறக்கிவிடுவதாக எஸ்டேட் துரை முடிவு செய்தார். நோயாளிக் குழந்தையோடு அந்த மழையில் அவள் எங்கே போவாள் என்று யாரும் கேட்கவில்லை.

சோதனைக்காகச் சிகரெட் டின்களில் மலம் வந்து இறங்கியது. பொன்னம்மை பெயரிட்ட டின்னைத் திறந்த லலிதாம்பாளுக்குக் கோபம் தலைக்கேறியது. தாயுடையதும் மகளுடையதும் அதே டின்னில் கிடந்தன. ஒருவர் மாதிரியில் மற்றவருடையது ஒரு துளி பட்டாலும் வீண் என்பது அந்த இடத்தின் முதல் பாடம். லாரி டிரைவரிடம் அவர் சொல்லியனுப்பிய வார்த்தைகளின் சூட்டில், எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் திரவியம் புது டின்களோடு தாமே இறங்கி வந்து நின்றார்.

"எங்க எஸ்டேட்ல எல்லாமே வீட்டுக்கு ஒண்ணுதாம்மா" என்றார் அந்த நாஞ்சில் நாட்டுக்காரர். "அரிசி வீட்டுக்கு ஒரு அளவு, மண்ணெண்ணெய் வீட்டுக்கு ஒரு குப்பி. இதுக்கு மட்டும் ஆளுக்கொண்ணு வேணும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

அவர் வருவதற்குள் வேறொன்று நடந்திருந்தது. வீணாய்ப் போனதைக் கொட்டுமுன் ஒரு தட்டில் தடவித்தான் பார்ப்போமே என்று லலிதாம்பாள் தடவி வைத்திருந்தார். மற்ற வீட்டுத் தட்டுகளில் கிருமிகள் ஆடை கட்டின பால் போல வழவழவென்று வளர்ந்திருந்தன. இந்தத் தட்டு மட்டும் பூச்சி அரித்த பட்டுப்புடவையாக இருந்தது. எங்கே பார்த்தாலும் பொத்தல்.

தனித்தனி டின்களைச் சோதித்ததில் மகளிடம் சீதபேதிக் கிருமி இருந்தது. தாயிடம் அது மருந்துக்கும் இல்லை. எல்லார் வயிற்றிலும் இருக்கிற சாதுக் கிருமிகள்தான். இரண்டும் தனித்தனித் தட்டில் சமர்த்தாக வளர்ந்தன. பொத்தலே இல்லை. சேர்ந்தால்தான் பொத்தலா? மகளின் கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் தாயின் கிருமி வளர்ந்த சாற்றை வடிகட்டி ஒரு சொட்டு வைத்தார். மறுநாள் காலையில் சொட்டு விழுந்த இடம் காலணா அகலத்துக்குத் துடைத்துவிட்டது போலிருந்தது.

தின்னி தாயின் சாதுக் கிருமிகளுக்குள்ளேயே குடியிருந்தது. "குடியிருக்கற ஆத்துலே சத்தம் போடாம இருக்கும். எப்பவாவது ஒண்ணு ரெண்டு வெளியிலே வரும். அடுத்தாத்துலே துஷ்டன் இருந்தானோ, தீர்ந்தது" என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. மலையிலும் அது வேலை செய்யுமா என்று மட்டும் கேட்டார்.

அதுதான் கேள்வி. தெளிந்த குழாய் வழக்கம் போல மறுபடி கலங்கியது. பொத்தல்களில் எது மிகச் சுத்தமோ அதிலிருந்து எடுத்து, மறுபடி தின்னவிட்டு, அதிலும் சுத்தமானதை எடுத்து, இப்படியே விடாமல் போனார். சம்பள நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் தெளிந்தது தெளிந்தபடியே நின்ற அன்று, முதல் குப்பியைத் திரவியத்திடம் அனுப்பினார். பொன்னம்மை தன் மகளுக்குத்தான் முதலில் கொடுத்தாள். மூன்றாம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது.

சம்பள நாளன்று மீதிக் குப்பிகளோடு லலிதாம்பாளே எஸ்டேட் லாரியில் ஏறினார். 'பொன்னம்மையிடம் நோய் இல்லை. நோய்க்கு மருந்து இருக்கிறது' என்ற ரிப்போர்ட்டைத் துரை இரண்டு முறை படித்துவிட்டு, அவளை இறக்கும் உத்தரவைத் தம் கையாலேயே கிழித்தார்.

லைன் ஜனம் துரையைப் போல லேசில் மசியவில்லை. கொட்டகை வாசலில் திரவியம் லலிதாம்பாளின் காதோரம் வந்தார். "கல்கத்தா மருந்துன்னு சொல்லிருங்கம்மா. மறுபேச்சு இல்லாமக் குடிச்சிருவாங்க."

"அப்படிச் சொன்னா வியாதி போகும். பழி போகாது" என்றார் லலிதாம்பாள். பிறகு மருந்து எங்கிருந்து வந்தது என்பதை எல்லோரும் கேட்கச் சொன்னார்; எந்த டின் என்பது உட்பட.

கங்காணியின் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவ வயித்துல கெடந்தத எங்க பிள்ளைக வாயில ஊத்தணுமாக்கும்? ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு ஊத்துவீகளா, தாயி?"

அந்த மருந்து என்ன செய்தது என்பது இன்று அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த சம்பள நாளைக்குள் பிள்ளைகள் தேறித் திரும்பி வந்து, கொட்டகையில் தொட்டில் கட்ட இடமில்லை. கங்காணியின் பேரன்தான் அங்கே பெரிய ரகளைக்காரன். அதற்குப் பிறகு அந்த லைனில் யாரும் குழி வெட்டவில்லை. ஆனால் அன்று காலையில் அது ஒருவருக்கும் தெரியாது. குழந்தைகள் தாய்மார் தோளில் துவண்டு கிடந்தன. குப்பியின் பக்கம் ஒரு கையும் நீளவில்லை.

லலிதாம்பாள் திரவியத்தின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, மூலையில் மகளை அணைத்தபடி நின்ற பொன்னம்மையிடம் நீட்டினார்.

"என் கையாலயாம்மா?" என்றாள் அவள்.

கொட்டகையில் குழந்தைகளுக்காக ஒரு பாய் விரித்திருந்தது. லலிதாம்பாள் அதன் முன்வரிசையில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, பொன்னம்மையை நிமிர்ந்து பார்த்து, வாயைத் திறந்தார்.