இவர் என்று ஒரு பெயர்

என் தம்பியின் பெயர் இவர். இதைச் சொன்னால் தமிழர்கள் "எவர்?" என்று கேட்கிறார்கள். ஜெர்மன்காரர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தொலைபேசியில் பெயரைக் கேட்டுவிட்டு, நேரில் உயரமான பொன்முடிக்காரன் ஒருவனை எதிர்பார்த்து நிற்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் விளக்கம் சொல்லி அவன் அலுத்துவிட்டான். அவனுக்கு முன்பே அலுத்தவள் நான். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்த வாரத்தில் மொழிபெயர்ப்பு வேலை முழுவதும் என் தலையில்தான் விழுந்தது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. நாங்கள் ஜெர்மனிக்கென்று ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஹம் நகருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அகதிகளுக்கு ஒதுக்கிய பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. வீட்டில் ஜெர்மன் ஒழுங்காகத் தெரிந்த ஒரே ஆள் நான். எந்த அலுவலகத்தில் டெர்மின் என்று வரச்சொல்லி நேரம் குறித்தாலும் அப்பாவோ அம்மாவோ பள்ளிக்கூடத்தில் வந்து என்னை மறித்துக் கூட்டிப் போவார்கள். அதிலும் சித்திரம் கீறும் பாடத்தின்போதுதான் எல்லா டெர்மினும் வந்து சேரும்.

தம்பி பிறந்த மறுநாள் நான் ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலடியில் இருந்தேன். தாதி ஒருத்தி படிவத்தோடு வந்து, பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"தம்பிக்கு என்ன பேர் எண்டு கேக்கிறா."

அம்மா எத்தனையோ மாதங்களுக்கு முன்பே எழிலன் என்று பெயர் பார்த்து வைத்திருந்தார். ஆனால் முதன்முதல் அதைச் சொல்லும் உரிமை அப்பாவுடையது என்பது அவருடைய எண்ணம். அப்பாவின் பெயரை அம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இவர் வாறார், இவர் சாப்பிட்டிட்டார், அவ்வளவுதான்.

"இவர் வரட்டும். இவர்தான் சொல்லவேணும்," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன் தாதியின் முகம் மலர்ந்துவிட்டது. "இவர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அம்மா சொன்ன சொல்லை அவள் சரியாகத்தான் திருப்பிச் சொன்னாள். நான் தலையாட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள். என்ன அழகான பெயர், தன் பாட்டனார் டென்மார்க்கிலிருந்து வந்தவர், அங்கேயும் இப்படிப் பெயர் உண்டு என்று என்னவோ சொல்லிக்கொண்டே போனாள். அப்பாவைப் பற்றி அவளுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று நான் யோசித்தேன்.

அடுத்த வாரம் பிறப்பைப் பதிய அப்பாவும் நானும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பார்த்து, "இவர்" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அலுமாரியிலிருந்து தடித்த பெயர்ப் புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார். மனிதருக்கு அன்று வேறு வேலை இல்லைப்போலும். வாசித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். மிகப் பழைய வட ஐரோப்பியப் பெயர். ஐபெ என்ற மரத்தின் பெயரும், படை என்ற சொல்லும் சேர்ந்து வந்தது. அந்த மரத்தில்தான் அந்தக் காலத்தில் வில் செய்வார்கள். ஆகவே, வில்லேந்திய வீரன். நோர்வே, சுவீடன் பக்கம் வைப்பார்கள். இங்கே மிக அரிது. அந்த மேசையில் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து தான் ஒரு இவரைக்கூடப் பதிந்ததில்லை என்றார்.

"என்ன சொல்லுறார்?" என்று அப்பா கேட்டார்.

"தம்பி வில்லு வைச்சிருக்கிறானாம்," என்றேன். எனக்கு அவ்வளவுதான் பொறுமை இருந்தது.

ஒருவழியாக விஷயம் விளங்கியதும் அப்பா சிரித்துவிட்டார். பிழை நடந்துவிட்டது, பிள்ளையின் பெயர் எழிலன் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். உத்தியோகத்தர் புத்தகத்தில் தேடினார். அது எப்படி இருக்கும்? எழுதிக் காட்டச் சொன்னார். ஜெர்மன் எழுத்தில் எங்கள் ழகரத்துக்கு இடமில்லை என்பதால் எலிலன் என்றுதான் வந்தது.

"இது பெண் பிள்ளையின் பெயர்போல இருக்கிறதே," என்றார்.

எங்கள் பாஷையில் 'ன்' என்று முடிந்தால் ஆண்தான் என்று நான் விளக்கினேன்.

"லிலியன் என்று என் மகளுக்குப் பெயர். அவள் பெண்தான்," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. பெயரைக் கேட்டால் ஆணா பெண்ணா என்று தெரியவேண்டும், அது விதி என்றார். இது ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர்தான் என்று எங்கள் நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் உடனே பதிந்துவிடுவார். இவர் என்றால் ஒரு கடிதமும் தேவையில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு வாரம் தவணை தந்து, தலைநகரான பொன் நகரத்தில் இருந்த அந்தத் தூதரகத்தின் விலாசத்தை ஒரு கடதாசித் துண்டில் தட்டச்சு செய்தும் தந்தார். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் தம்பி எங்கள் அகதி விண்ணப்பத்தில் சேரமாட்டான் என்பதையும் மறக்காமல் சொன்னார்.

அப்பாவின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. விலாசத் துண்டை அவர் கையால் தொடவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் வீட்டில் இருக்க முடியவில்லை. அம்மா அப்பாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லுவார், அப்பா பக்கத்திலேயே இருப்பார். தமிழுக்கும் தமிழுக்கும் இடையில் மொழிபெயர்க்கும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது.

"இவர் எண்டு ஆரும் பிள்ளைக்குப் பேர் வைப்பினமோ எண்டு கேள்," என்பார் அம்மா. "நாளைக்கு நான் இவர் அழுறார் எண்டு சொன்னால், சனம் ஆர் அழுறார் எண்டு நினைக்கும்?"

அப்பா யன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

எனக்கு அப்பாவில்தான் எரிச்சல். பொன்னுக்கு ரயிலில் போனால் அன்றைக்கே திரும்பிவிடலாம், வகுப்பில் தேசப்படத்தில் பார்த்திருக்கிறேன். ஏன் போகக்கூடாது என்று கேட்டேன்.

"ஏலாது பிள்ளை."

"ஏன் ஏலாது?"

"ஏலாது எண்டால் ஏலாது."

அந்த நாட்டு அரசால் எங்கள் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பவர், அதே நாட்டின் கதவில் போய்த் தட்டினால் என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது என்னை முற்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மொழிபெயர்க்க மட்டும் கூப்பிடுவார்கள்.

ஐந்தாம் நாள் நானே ஒரு முடிவெடுத்தேன். பள்ளிக்கூடக் கொப்பியில் நடுப்பக்கத்தைக் கிழித்து, தூதரகத்துக்கு என் மிக அழகான கையெழுத்தில் ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதினேன். ஊருக்குக் கடிதம் போட அம்மா பிஸ்கட் பேணியில் வைத்திருந்த முத்திரையில் ஒன்றை எடுத்து ஒட்டினேன். தெருமுனை மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், இனிக் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னேன்.

அம்மா சட்டியை அப்படியே வைத்துவிட்டார். ஐந்து நாள் மௌனம் அந்த இடத்தில் முடிந்தது.

"இஞ்சருங்கோ, இவள் செய்துபோட்டு வந்து நிக்கிற வேலையைக் கேளுங்கோ."

அப்பா கேட்டார். சப்பாத்துப் போடவில்லை, குளிர்ச்சட்டை எடுக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார். மஞ்சள் பெட்டியில் ஐந்து மணிக்குக் கடிதம் எடுப்பார்கள் என்று எழுதியிருந்தது. அதற்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. தூறல் போட்டது. ரப்பர்ச் செருப்போடு அப்பா பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார், பெட்டி எங்கேயோ ஓடிவிடும் என்பதுபோல.

தபாற்காரர் வந்து பெட்டியைத் திறந்தார்.

"எங்கட கடிதத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கேள்," என்றார் அப்பா.

இவ்வளவு பாடுபட்டு எழுதியதை நான் ஏன் திருப்பிக் கேட்க வேண்டும்? "பொன்னுக்கு எப்போது கடிதம் போய்ச் சேரும் என்று அப்பா கேட்கிறார்," என்று தபாற்காரரிடம் சொன்னேன். நாளைக்கே போய்விடும் என்றார் அவர். நான் அப்பாவிடம் திரும்பி, "தர ஏலாதாம்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தபாற்காரரின் பையில் கையை வைத்தார். பிடுங்கவில்லை, வைத்தார், அவ்வளவுதான். தனக்குத் தெரிந்த ஜெர்மனை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். கடிதம். பிள்ளை. பிழை. தயவுசெய்து. அந்த நாலு சொல்லையும் மூன்று தரம் சொன்னார்.

தபாற்காரர் அவருடைய காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீயா எழுதினாய்?" என்று கேட்டார். இதில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்து என்னுடையது அல்லவா. பேனையைத் தந்து, பெட்டியின் மேல் ஒரு துண்டை வைத்து அந்த விலாசத்தை எழுதச் சொன்னார். எழுதினேன். பையிலிருந்து கடிதத்தைத் தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்படிக் கொடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது எனக்கு அழுகை அழுகையாக வந்தது. முத்திரையும் வீண், கடிதமும் வீண். எல்லாவற்றையும்விட, அப்பா ஒரு வேற்று மனிதரிடம் அதைப் பிழை என்று சொன்னது. ஒரு சொல்லில்கூடப் பிழை இல்லை, நான் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன் என்றேன்.

அப்பா நடையை நிறுத்தினார். "உள்ளுக்கை என்ன எழுதினனி?"

எழிலன் ஆண்பிள்ளையின் பெயர் என்று நிரூபிக்க வேண்டாமா? 'ன்' என்று முடிகிற எங்கள் ஆம்பிளைகளின் பெயரையெல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன். முதலில் அப்பாவின் பெயர். பிறகு ஊரில் இருக்கிற சித்தப்பா, மாமாமார் மூன்று பேர். விசாரித்துப் பார்க்க வசதியாக ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வயதும் வீட்டு விலாசமும்.

"ஒருத்தரையும் விடேல்லை அப்பா," என்றேன்.

அப்பா நனைந்த நடைபாதை ஓரத்தில் அப்படியே குந்திவிட்டார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் இப்படிக் கால் விறைத்திருக்காது என்று நான் அவருக்குச் சொன்னேன்.